ஊரிலிருந்து வருவோர்க்கு ஓர் அறை

நம் சங்கத்துக் குடும்பங்களுள் இவ்வகைக் கடிதம் ஒன்றேனும் பெறாத குடும்பம் இராது. முன்பெல்லாம் அஞ்சலட்டையில் வந்தது. இன்று செல்பேசியில் நாலு வரியாக வருகின்றது. வாசகம் மட்டும் மாறவில்லை. வீட்டார் நலம் கேட்பது ஒரு வரி. ‘அடுத்த வாரம் திருவனந்தபுரம் வர வேண்டியிருக்கின்றது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கின்றார்கள்’ என்பது இரண்டாம் வரி. ‘செலவு அதிகம் இல்லாமல் தங்க ஓர் இடம் பார்த்து வைக்கவும்’ என்பது மூன்றாம் வரி. நாலாவது வரியில் நம்மைத் தொந்தரவு செய்வதற்கு வருத்தம் தெரிவித்திருப்பர்.

இக்கடிதத்துக்கு நம்மவர் எழுதும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருப்பதைக் காண்கின்றோம். ஒன்று, ‘நம் வீடு இருக்க அறை எதற்கு? நேரே வந்துவிடுங்கள்’ என்பது. மற்றொன்று, ‘தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆயினும் இரண்டிலும் ஒரு கணக்கு விட்டுப்போகின்றது. வருபவர் எத்தனை நாள் தங்க நேரும், அந்நாள் முழுவதற்கும் அவர் கையிருப்பு போதுமா என்பதே அக்கணக்கு. அதனை இத்திங்கள் எடுத்துக்கொள்ளக் கருதுகின்றோம்.

தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ளார் மருத்துவத்துக்கு இந்நகரை நாடுவது புதிய வழக்கன்று. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களின் மக்களுக்குத் திருவனந்தபுரமே தலைநகரம். அன்றோடு அவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. மனுக் கொடுக்கும் இடம் சென்னைக்குப் போயிற்று. நோய் பார்க்கும் இடம் போகவில்லை. நாகர்கோவிலிலிருந்து இந்நகர் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், சென்னையோ எழுநூறு. இங்கு 1951-இல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. இருதயத்துக்கும் மூளைக்கும் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1976-இல் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் உடையதாக ஆக்கப்பெற்றது. 1981-இல் வட்டாரப் புற்றுநோய் மையம், மக்கள் வாயில் ஆர்.சி.சி., தோன்றிற்று. இவை யாவும் ஒரே வட்டாரத்தில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. குமரி, நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கங்களிலிருந்து காலை ரயிலில் வந்திறங்குவோர் கையில் பெரிய காகித உறையொன்று இருந்தால் அவர் எங்கே போகின்றார் என்று யாரும் கேட்க வேண்டுவதில்லை.

இனித் தம்பானூரைப் பார்ப்போம். திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த இடம் அது. மாஞ்ஞாலிக்குளம் சாலையிலும் அரிஸ்டோ சந்திப்பைச் சுற்றியும் சிறு விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. பத்மநாபசாமி கோயிலும் சாலைக் கடைத்தெருவும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. எனவே கோயிலுக்கு வருவோர், ஒரு நாள் அலுவலுக்கு வருவோர், விடியற்காலை ரயில் பிடிக்க வேண்டியவர் ஆகியோர்க்கு இதனினும் தக்க இடம் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய சுழல்வடிவக் காபி ஹவுஸ் கட்டடத்தில் காலைச் சிற்றுண்டியும் மலிவாக முடியும். குழந்தைகளோடு வருவோர் அந்தச் சாய்தளத்தில் ஏறி உண்பதையே ஒரு காட்சியாக நினைவில் வைத்துக்கொள்வர்.

ஓர் இரவு மட்டுமே தங்குவோர் ரயில் நிலையத்தின் ஓய்வறையை மறந்துவிடுகின்றனர். உறுதியான சீட்டோ ஆர்.ஏ.சி. சீட்டோ வைத்திருப்பவர் அச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்தில் அதனைப் பதிவு செய்யலாம். அறைகள் சிலவே ஆதலின் பயணச் சீட்டு வாங்கிய அன்றே முயலுதல் வேண்டும். முதியவரைப் படியேற்றி இறக்கும் துன்பமும் ஆட்டோச் செலவும் ஒருங்கே மிஞ்சும்.

மருத்துவத்துக்கு வருபவரைத் தம்பானூரில் தங்க வைப்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்.சி.சி.யில் ஒருவர்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று முடிவாகின்றது. அது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நடப்பது. இருபத்தைந்து அமர்வுகள் என்றால் ஐந்து வாரம். சனி, ஞாயிறு சேர்த்து முப்பத்தைந்து நாள். தம்பானூரில் அறை நாளொன்றுக்கு 700 ரூபாய் என்றும், மருத்துவமனைக்கு அருகில் 850 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இத்தொகைகள் கணக்குக்காக நாம் கொண்டவை; பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். தம்பானூர் அறைக்கு மொத்தம் 24,500 ரூபாய். மற்றதற்கு 29,750. ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம் என்று குடும்பத் தலைவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்.

ஆனால் அங்கிருந்து மருத்துவமனை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். 2022 மே மாதத்தில் அரசு வகுத்த கட்டணப்படி ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பின்னர்க் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். ஒரு போக்குக்கு 112 ரூபாய் 50 காசு ஆகின்றது. போக வர 225. இருபத்தைந்து நாளுக்கு 5,625 ரூபாய். மலிவான அறை இப்போது 375 ரூபாய் கூடுதலாகிவிட்டது! மீட்டர் போடாத வண்டி வாய்த்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டுவதில்லை. நண்பகல் உணவை வெளியில் உண்ண நேர்வது தனி. ‘பஸ்ஸில் போகலாமே’ என்பர். முதல் வாரம் போகலாம். மூன்றாம் வாரத்தில் நோயாளிக்கு வாயும் தொண்டையும் புண்ணாகி, நிற்கவும் வலுவில்லாத நிலையில், நெரிசல் மிகுந்த பஸ்ஸில் ஏற்றும் மனம் எந்த மகனுக்கும் மகளுக்கும் வராது.

இச்சிறு கணக்கில் நாம் இத்தனை வரி செலவிடுவதற்குக் காரணம் உண்டு. மருந்துக்கும் பரிசோதனைக்கும் என்று நிலத்தை ஒற்றிவைத்தோ நகையை விற்றோ பணம் கொண்டுவரும் குடும்பம் தங்குவதற்கென்று தனியே ஒரு தொகை எடுத்து வைப்பதில்லை. அது கைச்செலவோடு போய்விடும் என்று எண்ணுகின்றது. மூன்றாம் வாரத்தில் கைச்செலவு தீர்கின்றது. ‘இப்போதைக்கு ஊருக்குப் போய், அறுவடை முடிந்து வரலாம்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைக்கின்றனர். கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்தினால், எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் பெருகக் காலம் கொடுத்ததாக முடியும். விட்ட இடத்திலிருந்து தொடங்குவது என்பது அங்கே எளிதன்று. நாளொன்றுக்குச் சில நிமிடமே இயந்திரத்தின் கீழ் கிடக்கும் சிகிச்சை அது. அச்சில நிமிடத்துக்காகவே ஐந்து வாரம் இவ்வூரில் இருக்க வேண்டியிருக்கின்றது. மருத்துவர் தேதி குறித்ததும் முதற்கேள்வியாக ‘மொத்தம் எத்தனை நாள்?’ என்று கேட்டு, அந்நாள் முழுவதற்கும் தங்கலுக்கும் உணவுக்குமான தொகையை மருந்துப் பணத்திலிருந்து பிரித்து வேறு உறையில் கட்டிவைக்குமாறு வருபவரிடம் சொல்லுங்கள். அவ்வுறை நிரம்பாது என்று தெரிந்தால் அதை மருத்துவரிடமே சொல்வதற்கு நாணக்கூடாது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர்கள் இவ்வகைக் குடும்பங்களை நாள்தோறும் காண்கின்றனர். தொண்டுள்ளம் கொண்டோர் நடத்தும் தங்குமிடங்கள் அவ்வட்டாரத்தில் உண்டு. எங்கே இடம் ஒழிந்திருக்கின்றது என்பது அவர்கட்குத்தான் தெரியும். முதல் நாளே கேட்டால் வரிசையில் பெயராவது இருக்கும்.

எல்லா நோயாளிக்கும் ஐந்து வாரம் வேண்டியதில்லை. நரம்பு வழியே மருந்தேற்றும் சிகிச்சை பலர்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நடப்பது. அவர்கள் மாத வாடகைக்கு வீடு பிடிப்பது வீண். இரண்டு மூன்று நாள் தங்கி ஊர் திரும்பலாம். மருத்துவமனைச் சான்று காட்டினால் சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வகுப்பிலும் ரயில்வே முழுச் சலுகை தருகின்றது. உடன் வரும் ஒருவர்க்கு அவ்வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு குறையும். இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வருவோர் இன்னும் பலர். ஆனால் மருந்தேற்றிய பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் ‘ஊர் மருந்து’ பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே சேர வேண்டிய மருத்துவமனை எது என்பதைப் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இருதய நிலையத்துக்கு வருவோர் நிலை வேறு. அறுவைக்கு நாள் குறித்து வந்தாலும், முன் பரிசோதனையில் ஒன்று தவறினால் நாள் தள்ளிப்போகும். ஐந்து நாள் என்று வந்தவர் பன்னிரண்டு நாள் தங்க நேரும். அவர்கள் அறை எடுக்கும்போதே ‘நாள் நீண்டால் இதே அறை இதே வாடகைக்குக் கிடைக்குமா?’ என்று விடுதிக்காரரிடம் பேசி வைத்தல் நன்று.

மருத்துவமனையைச் சுற்றி உள்ளூர், குமாரபுரம், முறிஞ்ஞபாலம் முதலிய பகுதிகளில் வீட்டின் ஒரு பகுதியை நோயாளர் குடும்பங்களுக்கு விடுவோர் நிறைய உள்ளனர். இங்கே ஒரு சொல். உள்ளூர் என்பது ஓர் இடத்தின் பெயர். ‘உள்ளூரில் அறை எடுத்திருக்கின்றேன்’ என்று மைத்துனர் எழுதினால், ‘உள்ளூரில்தான் எந்த இடம்?’ என்று நம்மவர் திருப்பிக் கேட்பது வேடிக்கையாக நடந்துகொண்டே இருக்கின்றது.

இவ்வீடுகளின் பெருநன்மை அடுப்பு. முன்னாளில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் எப்படிச் சிக்கனமாக வாழ்ந்தனர் என்பதை அங்கிருந்த குடும்பத்தார் அறிவர். பெட்டியடிக்கு அருகிலேயே படுக்கை. எல்லோர்க்கும் பொதுவான சமையல். தொழிலிடத்துக்கு அண்மையும் சொந்தச் சமையலும் கூடின இடத்தில் பொருள் தங்கிற்று. நோயாளியின் குடும்பத்துக்கும் அவ்விரண்டே வேண்டுவன. கஞ்சியும் இட்டலியும் இரசமும் அன்றி வேறு இறங்காத நோயாளிக்கு ஓட்டலில் முழுச் சாப்பாடு வாங்கிப் பாதியை வீசுவது செலவு மட்டுமன்று, நோயாளியை மனம் நோகச் செய்வதுமாகும். இங்குள்ள பருமனான சிவப்பரிசிச் சோறு நமக்குப் பழகிவிட்டது. புதிதாக வரும் நோயாளிக்கு அது ஒத்துக்கொள்ளாமற் போகலாம்.

இனி நம்மவர் கடமைக்கு வருவோம். இணையத்தில் படம் பார்த்து அறை எடுப்பது இன்று எளிது. படத்தில் கட்டில் இருக்கும், படிக்கட்டு இராது. நாம் வேண்டுவது இதுவே: ஊரிலிருந்து கடிதம் வந்தால், வீட்டில் ஒருவர், பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் பிள்ளையாயினும் ஆகுக, அந்த அறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு விடை எழுதுங்கள். பார்க்க வேண்டியவை பல இல்லை. மின்தூக்கி உண்டா, இல்லையேல் தரைத்தளத்தில் அறை உண்டா? கழிவறை மேல்நாட்டு முறையிலானதா, பிடித்து எழுவதற்குக் கைப்பிடி உண்டா? அறுவை முடிந்தவர் குந்தி உட்கார முடியாது. சன்னல் திறக்கின்றதா? வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? மின்சாரம் நின்றால் விசிறி ஓடுமா? நாள் வாடகை என்பது எந்த மணியிலிருந்து எந்த மணி வரை? சில விடுதிகள் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணியைக் கணக்கிடும். சில, எப்போது வந்தாலும் மறுநாள் நண்பகலில் வெளியேறச் சொல்லும். இரவு ஒன்பது மணிக்கு வந்து சேரும் குடும்பத்துக்கு இவ்விரண்டினிடையே அரை நாள் வாடகை வேறுபாடு இருக்கின்றது. மூன்றாமவர் பாய் விரித்துப் படுத்தால் கூடுதல் கேட்பார்களா என்பதையும் முன்னரே பேசுக. துணைக்கு ஒருவராக வந்து இருவராக ஆவது நம் குடும்ப வழக்கமாயிற்றே!

முன்பணம் அனுப்புவதில் எச்சரிக்கை வேண்டும். இணையத்தில் கிடைத்த எண்ணுக்குப் பேசி, குரலை நம்பிப் பணம் அனுப்பி, வந்து பார்த்தால் விடுதிக்கே அச்செய்தி தெரியாது என்ற நிலை பல ஊர்களில் நேர்ந்துள்ளது. நேரில் கொடுத்து இரசீது வாங்குவதே வழி. வரியையும் கேட்டுக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலை நடுப்பகுதி வரையில் ஜி.எஸ்.டி. இல்லை, பின்னர் நூற்றுக்குப் பன்னிரண்டு ஆயிற்று. 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பழைய வீதத்தில் இரசீது எழுதினால் பணிவோடு சுட்டிக்காட்டலாம்.

முதல் விடைக்கு, அதாவது ‘நம் வீடு இருக்க அறை எதற்கு?’ என்பதற்கு, இப்போது வருகின்றோம். இதைச் சொன்னால் சிலர்க்கு வருத்தமாயிருக்கும். இரண்டு நாளுக்கு வருபவரை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் விடுதிக்கு அனுப்புவது நம் மரபுக்கு ஒவ்வாது, அதில் ஐயமில்லை. ஐந்து வாரம் தங்குபவர் நிலை அப்படியன்று. நம்மிற் பலர் வாழ்வது இரண்டறை வீட்டில். மருந்தின் கடுமையால் உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர், பள்ளியிலிருந்து சளியும் காய்ச்சலும் கொண்டுவரும் குழந்தைகளோடு ஒரே கூடத்தில் படுப்பது அவர்க்கே தீங்கு. இரவில் வாந்தியெடுக்கும்போது ‘சித்தப்பா வீட்டார் விழித்துக்கொள்வார்களே’ என்று வாயைப் பொத்திக்கொள்ளும் நோயாளியை எண்ணிப் பாருங்கள். விருந்தினராய் இருப்பதே ஒரு வேலை. நோயாளிக்கு அவ்வேலையும் சேர வேண்டுமா? மறுபுறம், விருந்தோம்பும் இல்லத்தின் தாய்மார் படும் பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் வாரத்தில் சொல்லாமற் பிறக்கும் மனக்கசப்பு, நோய் தீர்ந்த பின்னும் உறவில் நின்றுவிடுகின்றது. மருத்துவமனைக்கு அருகில் நல்லதோர் அறை பார்த்துக் கொடுத்து, முடிந்தால் ஒரு வார வாடகையை நாமே ஏற்று, ஞாயிறுதோறும் சென்று பார்த்து வருவது அன்பிற் குறைந்ததாகாது என்பது நம் துணிபு. மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள் எழுதலாம்.

வழிப்போக்கர்க்குத் தங்குமிடம் தருவதை அறமாகக் கொண்ட நாடு நம்முடையது. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இராணி மங்கம்மாளின் பெயரால் நிற்கும் சத்திரத்தை அறியாதார் யார்? திருவிதாங்கூரிலும் ஊட்டுப்புரைகள் இருந்தன. ஆனால் அவற்றின் இலவச உணவு அந்தணர்க்கே உரியதாயிருந்தது. பழைய சத்திரத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்றைய லாட்ஜின் குமாஸ்தா கேட்பது ஆதார் அட்டையை மட்டுமே.

கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலுள்ள உறவினர் வருவதாயின் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதற்குரிய பதிவை வைத்துக்கொள்ளாத சிறு விடுதிகள் இத்தகையோரை ஏற்பதில்லை. பெயரும் பேச்சும் தமிழாயிருக்கக் கண்டு அறை தருவதாக ஒப்புக்கொண்டு, இரவில் கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிப்பார்கள். ஆதலின் அறை பேசும்போதே எந்நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைச் சொல்லிவிடுக.

எந்த நாளில் வருவது என்பதும் செலவைக் கூட்டிக் குறைக்கும். மாசித் திங்களில், மலையாளக் கணக்கில் கும்பத்தில், பூர நாளன்று ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடப் பெண்கள் இலட்சக்கணக்கில் திரள்கின்றனர். 2009 மார்ச் 10-ஆம் நாள் இருபத்தைந்து இலட்சம் பேர் கூடியதாக உலகச் சாதனை நூலிலேயே ஏறியுள்ளது. கண்ணகியின் நினைவோடு சேர்த்துப் பேசப்படும் அவ்விழாவில் நம் தாய்மார்களும் தெருவோரத்தில் மூன்று செங்கல் அடுக்கிப் பானை வைப்பவர்களே. ஆனால் அதற்கு முந்திய இரவும் அந்நாளும் நகரின் நடுவில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை நாம் அறிந்த வாடகையாயிராது, வண்டியும் நகராது. சிகிச்சை நாள் அதனோடு மோதினால், இரண்டு நாள் முன்னதாகவே மருத்துவமனைப் பக்கம் போய்விட வேண்டும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குச் செல்வோரால் ரயில்களும் தம்பானூர் விடுதிகளும் நிரம்பும். திசம்பரில் திரைப்பட விழா நாட்களிலும் அப்படியே. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமியின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதை வழியாகவே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கின்றது; அன்று மாலை சில மணி நேரம் விமானம் இறங்குவதில்லை. உலகில் வேறெங்கும் காணாத இக்காட்சியைக் கண்டு மகிழலாம். அன்று மாலை விமானத்துக்குச் சீட்டு எடுக்குமுன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

ரயிலில் வருவோர்க்கு ஒரு குறிப்பு. கொச்சுவேளி நிலையத்துக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் நிலையத்துக்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் மாற்றியுள்ளனர். சீட்டில் ‘திருவனந்தபுரம்’ என்ற சொல்லைக் கண்டதும் தம்பானூர் என்று முடிவுகட்டி விடக்கூடாது. வடக்கு நிலையத்தில் நள்ளிரவில் இறங்கினால் நகரின் நடுவுக்கு வர இன்னும் பல கிலோமீட்டர் உண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரையில் ஆட்டோவுக்கு மீட்டரின் மேல் பாதி கூடுதல்.

மொழியைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ் இங்கு யார்க்கும் புரியும். சில சொற்களை மட்டும் வருபவர்க்கு எழுதி அனுப்புங்கள். அறைக்கு ‘முறி’ என்பர். காலியாக உள்ளதா என்பதற்கு ‘ஒழிவுண்டோ’ என்று கேட்க வேண்டும். வெந்நீர் ‘சூடுவெள்ளம்’, கேட்டவுடன் ஆற்றுப் பெருக்கை எண்ண வேண்டாம். ‘எவிடெயா தாமசம்?’ என்று ஆட்டோக்காரர் கேட்டால், ‘ரயில்தான் தாமதம்’ என்று விடை சொல்வோர் உளர். எங்கே தங்கியிருக்கின்றீர்கள் என்பதே அவர் கேட்டது.

இறுதியாக, நம் இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் பொருள்களைப் பற்றி. ஐந்து வாரத்துக்கு வரும் குடும்பம் ஊரிலிருந்து பாத்திரம் சுமந்து வர இயலாது. இங்கே புதிதாக வாங்குவதும் வீண். ஒரு சிறு குக்கர், இரண்டு தட்டு, ஒரு வெந்நீர்க் குடுவை, இரண்டு பாய், ஒரு வாளி இவை போதும். ஒரு வீட்டில் எல்லாம் இல்லாவிட்டாலும் ஒரே தெருவிலுள்ள மூன்று வீடுகளில் இருக்கும். அவர்கள் வந்திறங்கும் நாளுக்கு முன்னால் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மின்னடுப்புக் கொடுப்பதாயின் விடுதிக்காரர் அதற்கு இசைவாரா என்று முதலில் கேட்டுக்கொள்க. சில இடங்களில் அனுமதிப்பதில்லை.